கண்மாயில் முதலில் இறங்குவது யார்?

பங்குனி, சித்திரை வந்துவிட்டால் தென்மாவட்டச் செய்திகளில் ஒரு படம் தவறாமல் வரும். வற்றிய கண்மாய்க்குள் ஊத்தாவும் கச்சாவலையுமாக நூற்றுக்கணக்கானவர்கள் இறங்கி நிற்பார்கள். ஒருவர் இரண்டு கையிலும் விரால் மீனைத் தூக்கிக் காட்டிச் சிரிப்பார். படத்துக்குக் கீழே எழுதியிருக்கும்: ‘சாதி, மத பேதமின்றி மீன்பிடித் திருவிழா.’

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் பிறந்து வளர்ந்த நாங்கள் அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம். உண்மையிலேயே அப்படி நடக்கிற ஊர்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. சில ஊர்களில் நாங்களும் எல்லாரோடும் சேர்ந்து இறங்கிப் பிடித்திருக்கிறோம். ஆனால் அந்த வரி எல்லா ஊருக்கும் பொருந்தாது. பொருந்தாத ஊர்களைப் பற்றிச் செய்தி வருவதில்லை.

நாங்கள் என்றால், பக்கத்துப் பக்கத்து ஊர்களின் காலனிகளில் பிறந்து, அரசு விடுதிகளில் தங்கிப் படித்து, இப்போது இதே பகுதியில் சமூகப் பணி செய்கிற நாலைந்து பேர். கூட்டம், மனு, வழக்கு, கல்வி உதவித்தொகை என்றே எங்கள் நாட்கள் ஓடுகின்றன. மீன் பிடிப்பதையும் மலை ஏறுவதையும் பற்றி எழுதுவோம் என்று ஐந்து வருடத்துக்கு முன்பு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம்.

எங்கள் நிலத்தைத் தெரியாத தம்பி தங்கைகளுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இது வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகை மழை பெய்தால் கண்மாய் பெருகும். பெய்யாவிட்டால் சீமைக் கருவேலம்தான். அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்றுத்தான் பல குடும்பங்கள் கஞ்சி குடிக்கின்றன. திருச்சுழியை ஒட்டிப் போகிற குண்டாறு வருடத்தில் பெரும்பாலான நாட்கள் மணலாகவே கிடக்கும். வெளியே இருந்து வருகிறவர்களுக்கு இது வெறும் பொட்டல்காடு. எங்களுக்கோ இலந்தைப்பழம், சூரைப்பழம், சப்பாத்திக்கள்ளிப் பழம் எல்லாம் இருந்த காடு. கள்ளிப்பழத்தை மண்ணில் தேய்த்து முள் எடுக்கத் தெரியாமல் தின்று, நாக்கில் முள் ஏறி அழாதவர்கள் எங்களில் யாரும் இல்லை. ஆற்று மணலில் ஊற்று தோண்டித் தண்ணீர் குடித்திருக்கிறோம். நிலா வெளிச்சத்தில் பத்துக் கிலோமீட்டர் நடந்து கூத்துப் பார்க்கப் போயிருக்கிறோம். ‘அவுட்டோர் அட்வெஞ்சர்’ என்று இன்று இன்ஸ்டாகிராமில் போடுகிறார்களே, அதெல்லாம் எங்களுக்கு ஐந்தாம் வகுப்பிலேயே முடிந்துபோனது.

ஆனால் அந்தக் காட்டுக்கும் ஒரு வரைபடம் இருந்தது. யாரும் எழுதி வைக்காத வரைபடம். இந்தக் கிணற்றில் குளிக்கலாம், அந்தக் கிணற்றில் குதிக்கக் கூடாது. இந்தத் தெரு வழியாகச் சைக்கிளில் போகலாம், அந்தத் தெரு வந்ததும் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். கண்மாய்க்கரை ஆலமரத்தடியில் உட்காரலாம், ஆனால் அவர்கள் வந்தால் எழுந்திருக்க வேண்டும். ஏழு வயதுக்குள் இந்த வரைபடம் எங்களுக்கு மனப்பாடம். சொல்லிக்கொடுத்தது எங்கள் அம்மாக்கள்தான். அடி வாங்காமல் பிள்ளை வீடு வந்து சேர வேண்டுமே என்ற பயத்தில் சொல்லிக்கொடுத்தார்கள்.

கண்மாய் விஷயத்துக்கு வருகிறோம். எங்களில் ஒருவருடைய ஊரில் மீன்பிடி நாள் எப்படி நடந்தது என்று சொல்கிறோம். முழங்கால் அளவுக்குத் தண்ணீர் வற்றியதும் நாள் குறிப்பார்கள். விடியற்காலையில் எல்லாரும் கரையில் கூடுவார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் வெள்ளைத் துண்டை வீசுவார். உடனே ஊர்க்காரர்கள் இறங்குவார்கள். காலனிக்காரர்கள் கரையிலேயே நிற்க வேண்டும். “அவங்க ஏறட்டும்யா, பெறகு நம்ம எறங்கலாம்” என்று எங்கள் பெரியவர்களே எங்களைப் பிடித்து நிறுத்துவார்கள்.

ஊத்தா போட்டவர்களுக்குத் தெரியும், முதலில் இறங்குவது என்றால் என்ன என்று. ஊத்தா என்பது மூங்கில் சிம்புகளால் முடைந்த, மேலும் கீழும் திறந்த கூடு. சேற்றில் அழுத்திக் குத்திவிட்டு, மேல்வாய் வழியாகக் கைவிட்டுத் துழாவ வேண்டும். கலங்காத தண்ணீரில்தான் குமிழி தெரியும், விரால் எங்கே படுத்திருக்கிறது என்று பிடிபடும். இரண்டு மணி நேரம் முந்நூறு பேர் மிதித்துக் கலக்கிய பிறகு அங்கே மிஞ்சுவது சேறும், சேற்றுக்குள் கெளுத்தியும் குறவையும்தான். கெளுத்தி முள் குத்திக் கை வீங்கிய எங்கள் பெரியம்மாக்கள் அன்று ராத்திரி அதே கையால் குழம்பு கூட்டுவார்கள். நாங்களும் சப்புக்கொட்டித் தின்போம். விரால் குழம்பின் ருசி எங்களில் பலருக்குத் தெரியவந்தது கல்லூரிக்குப் போன பிறகுதான்.

இதில் இன்னொரு கொடுமை இருக்கிறது. அந்தக் கண்மாயை அறிந்தவர்கள் யார்? ராமநாதபுரம், சிவகங்கைச் சீமைக் கண்மாய்களை ஆராய்ந்த மானுடவியலாளர் டேவிட் மோஸ், 2003-இல் வந்த தன் நூலில், தண்ணீரின் கதையும் சாதியின் கதையும் இந்த மண்ணில் ஒன்றுதான் என்பதை விரிவாகக் காட்டுகிறார். மடை திறப்பது, வயலுக்கு நீர் பாய்ச்சுவது, வெள்ளம் வந்தால் ராத்திரி முழுக்கக் கரை காப்பது எல்லாம் பெரும்பாலும் தலித்துகளின் வேலை. எங்கள் காலனியில் நீர்பாய்ச்சியாக இருந்த ஒரு தாத்தா இருந்தார். நிறைகண்மாயில் மூச்சடக்கி மூழ்கி மடை திறந்தவர். கண்மாயின் எந்த மூலையில் எத்தனை ஆள் ஆழம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். உயிரைப் பணயம் வைத்து முதலில் இறங்கியவர் மீன் பிடிக்க மட்டும் கடைசியில்தான் இறங்க வேண்டும்.

சில வருடங்களுக்கு முன்பு அந்தக் காலனிப் பையன்கள் எங்களிடம் வந்தார்கள். “அண்ணே, இந்த வருசம் துண்டு வீசுனதும் நாங்களும் எறங்கப் போறோம்” என்றார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறோம். எங்களுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. சுடுகாட்டுப் பாதை வழக்கு நிலுவையில் இருக்கிறது, பட்டா பிரச்சினை இருக்கிறது, இதற்கு நடுவில் மீன் பிடிக்கிற சண்டையா? அவர்களில் ஒருவன், பாலிடெக்னிக் படிக்கிறவன், கேட்டான்: “சுடுகாட்டுக்குப் போறதுக்கு மட்டும் உரிமை கேக்கணுமாண்ணே? உசுரோட இருக்கும்போது சந்தோசமா இருக்கக் கேக்கக் கூடாதா?” எங்களிடம் பதில் இல்லை.

உட்கார்ந்து பேசினோம். அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவைப் படித்துக் காட்டினோம். சாதியின் பெயரால் யாரையும் தடுக்கக் கூடாத இடங்களின் பட்டியலில் கிணறு, குளம், படித்துறை, சாலை எல்லாம் இருக்கின்றன. 2015-இல் திருத்தப்பட்டு 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 3(1)(za) என்று ஒரு பிரிவு உண்டு. பொதுச் சொத்துகளைப் பயன்படுத்த விடாமல் தடுப்பது குற்றம் என்கிறது. ஆறு, ஓடை, ஊற்று, கிணறு, குளம் என்று பெயர் சொல்லியே அடுக்குகிறது. பொது இடத்தில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதைத் தடுப்பதும், செருப்புப் போடுவதைத் தடுப்பதும்கூட அதே பிரிவில் வருகின்றன. பையன்களுக்கு ஆச்சரியம். “நம்மூரப் பாத்துட்டு வந்து எழுதுன மாதிரி இருக்கே” என்றான் ஒருவன்.

மனு எழுதிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனோம். வாங்கிப் படித்தவர் நிமிர்ந்து பார்த்து, “மீன் பிடிக்கிறதுக்கெல்லாமா மனு?” என்றார். அவர் கேட்ட கேள்வியைத்தான் ஒரு வாரத்துக்கு முன்பு நாங்களும் மனதுக்குள் கேட்டிருந்தோம். அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது.

அன்று விடியற்காலை நாற்பது பேர் ஊத்தாவோடு கரையில் நின்றோம். எங்களோடு பத்துப் பெண்களும் நின்றார்கள். தூரத்தில் ஒரு போலீஸ் ஜீப். துண்டு வீசியதும் இறங்கினோம். “என்னடா புதுப் பழக்கம்?” என்று ஒரு குரல் வந்தது. பிறகு கெட்ட வார்த்தைகள் வந்தன. எங்கள் வலை ஒன்றை யாரோ அறுத்துவிட்டார்கள். அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை, ஜீப் நின்றதால்தான் என்று நினைக்கிறோம். நீர்பாய்ச்சித் தாத்தா மட்டும் இறங்காமல் கரையிலேயே நின்றார். நாங்கள் கூப்பிட்டும் வரவில்லை. அரை மணி நேரம் கழித்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மடைப் பக்கமாகத் தனியாக இறங்கினார். அவருக்கு மட்டும் தெரிந்த ஓர் இடத்தில் ஊத்தாவைக் குத்தினார். முழங்கை நீளத்துக்கு ஒரு விரால். அதைக் கையில் பிடித்தபடி யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நாங்களும் ‘சாதி, மத பேதமின்றி’ என்று எழுதியிருப்போம். முடியவில்லை. அடுத்த வருடம் மீன்பிடி நாளே குறிக்கப்படவில்லை. ஊருக்குள்ளேயே பேசி, கண்மாய் மீனை வெளியூர் வியாபாரி ஒருவருக்கு விட்டுவிட்டார்கள். லாரி வந்தது, ஐஸ் பெட்டி வந்தது, மொத்தமாக அள்ளிக்கொண்டு போனார்கள். ஊர்க்காரர்களுக்கும் மீன் இல்லை, எங்களுக்கும் இல்லை. நம்மோடு சேர்ந்து பிடிப்பதைவிட யாருமே பிடிக்காமல் இருப்பது மேல் என்று முடிவு செய்துவிட்டார்கள். காலனியில் சிலருக்கு எங்கள் மேல்தான் கோபம். “கடைசியாவாச்சும் கெளுத்தி கெடைச்சுச்சு, அதுவும் போச்சு” என்றார் ஓர் அக்கா. அந்தக் கோபம் நியாயமில்லை என்று எங்களால் சொல்ல முடியவில்லை.

இது எங்கள் ஊரில் மட்டும் நடந்த அதிசயம் அல்ல. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு மகாத் நகரின் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார். அந்தக் குளத்தை எல்லாருக்கும் திறந்துவிடுவதாக நகராட்சி 1924-லேயே தீர்மானம் போட்டிருந்தது. நம் மக்கள் உண்மையிலேயே இறங்கியதும் என்ன நடந்தது? அன்றே அடி விழுந்தது. பிறகு சாணமும் கோமியமும் ஊற்றிக் குளத்தைத் ‘தீட்டுக் கழித்தார்கள்’. ஆகஸ்ட் மாதம் நகராட்சி தன் தீர்மானத்தையே ரத்து செய்தது. பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நமக்குச் சாதகமாகத் தீர்ப்பு வர 1937 ஆனது. ஒரு வாய்த் தண்ணீருக்குப் பத்து வருடம்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரத்தில், பொது நீச்சல் குளங்களில் கறுப்பின மக்களையும் சேர்க்க வேண்டிய நிலை வந்தபோது, 1963-இல் நகராட்சி குளங்களையே மூடிவிட்டது. எல்லாருக்கும்தானே மூடினோம், இதில் பாகுபாடு எங்கே என்று கேட்டது. 1971-இல் உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், அது சரிதான் என்று சொல்லிவிட்டது. சமமாகப் பகிர வேண்டும் என்றால் அந்த மகிழ்ச்சியே யாருக்கும் வேண்டாம் என்கிற மனம் கடல் கடந்தும் ஒன்றுதான்.

ஆகவே நாங்கள் கற்றுக்கொண்டது இது: இறங்குகிற உரிமை மட்டும் போதாது. கண்மாய் யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி. மீன்பாசி குத்தகை சட்டப்படி பொது ஏலத்தில் போக வேண்டும், பணம் அரசுக் கணக்கில் சேர வேண்டும். பல ஊர்களில் ஏலம் ஊர்க்கூட்டத்தில் முடிந்துவிடுகிறது. அந்தக் கூட்டத்துக்கு நம்மை யாரும் அழைப்பதில்லை. 1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவரோடு ஐந்து பேரையும் ஏன் வெட்டிக் கொன்றார்கள்? தலைவர் நாற்காலியில் ஒரு தலித் உட்கார்ந்தால் ஊரின் பொதுச் சொத்துகள் மீது இருக்கும் பிடி நழுவிவிடும் என்ற பயமும் அதில் இருந்தது என்பதை மறக்கக் கூடாது. மீன் சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

மலைக்கும் இது பொருந்தும். போன வருடம் விடுதி மாணவர்கள் இருபது பேரை மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துக்கு அழைத்துப் போனோம். வனத்துறைச் சோதனைச் சாவடியில் நின்றபோது ஒரு தங்கை எங்களிடம் மெதுவாகக் கேட்டாள்: “அக்கா, நம்மள உள்ள விடுவாங்களா?” அவளிடம் அனுமதிச் சீட்டு இருந்தது. ஆனாலும் அந்தக் கேள்வி வந்தது. ஏழு வயதில் மனப்பாடம் செய்த வரைபடத்தை அவள் மலைக்கும் சேர்த்தே தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். உள்ளே போன பிறகு அதே தங்கைதான் எங்களுக்கு ஆசிரியை. ஒவ்வொரு செடியின் பேரும் சொன்னாள், ஆட்டுக்கு ஆகும், ஆகாது என்றாள். பாறையில் எங்களைவிட வேகமாக ஏறினாள். உச்சிக்குப் போனதும் பத்து நிமிடம் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

திருச்சுழி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவு வருவது ரமண மகரிஷி. 1879-இல் இங்கே பிறந்தவர். 1896-இல் பதினாறு வயதில் யாரிடமும் சொல்லாமல் கிளம்பித் திருவண்ணாமலை போய், அந்த மலையிலேயே வாழ்ந்தார். உலகமே போற்றுகிறது. அதே வருடம், அதே வயதில், திருச்சுழிச் சேரியிலிருந்து ஒரு பையன் அப்படிக் கிளம்பியிருந்தால்? ரமணர் போய்த் தங்கிய கோயிலுக்குள் அவன் கால் வைத்திருக்க முடியாது. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நம் மக்கள் நுழையவே 1939 ஆக வேண்டியிருந்தது. ஊர் சுற்றுவதும் மலையில் உட்கார்ந்து தன்னைத் தேடுவதும்கூட இந்த நாட்டில் சிலருக்கு மட்டுமே வாய்த்தது. நம் ஆட்கள் நடந்ததெல்லாம் பிழைக்கப் போன நடை.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது. நல்ல விஷயம். வழிகாட்டிகளாகப் பழங்குடி இளைஞர்களுக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஆனால் திறந்தபோது எளிதான பாதைக்கான கட்டணமே நூறு நாள் வேலையின் ஒரு நாள் கூலியைவிட அதிகமாக இருந்தது. வழிகாட்டியாக நாம் போகலாம், நடப்பவராகப் போவது கஷ்டம் என்றால், மடை திறந்த தாத்தாவின் கதைதான் திரும்ப வருகிறது.

முடியாதது என்று எதுவும் இல்லை என்பதற்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. 2014 மே 25 அன்று பூர்ணா மாலாவத் எவரெஸ்ட் உச்சியில் நின்றார். வயது 13 வருடம் 11 மாதம். பழங்குடிக் கூலித் தொழிலாளியின் மகள். கூடவே ஏறியவர் ஆனந்த் குமார் என்ற தலித் மாணவர். இரண்டு பேரும் தெலங்கானாப் பகுதியில் அரசு சமூகநல உறைவிடப் பள்ளிகளில் படித்தவர்கள். புவனகிரிக் கோட்டைப் பாறையில் பயிற்சியைத் தொடங்கினார்கள். ஓர் அரசுத் துறை மனம் வைத்ததால் நடந்தது அது. நம் ஆதிதிராவிடர் நல விடுதிகளில் ஒழுகாத கூரையையும் புழு இல்லாத சோற்றையும் கேட்டே நமக்குத் தொண்டை வறண்டுவிடுகிறது. அதையும் கேட்போம். அதோடு நீச்சல் பயிற்சி, மலையேற்றம், கயிறு கட்டிப் பாறை ஏறுவது எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்போம்.

நீச்சல் என்பது சொகுசு அல்ல. ஊர்க் கிணற்றில் குதிக்க முடியாத நம் பிள்ளைகள் கல்குவாரிப் பள்ளத்திலும், மண் அள்ளிக் குழியான கண்மாயிலும் போய்த்தான் நீந்தப் பழகுகிறார்கள். கோடை விடுமுறையில் வருகிற சாவுச் செய்திகளுக்குப் பின்னால் இதுவும் இருக்கிறது. பெண் பிள்ளைகள் நிலைமை இன்னும் மோசம். அவர்களுக்கு ஊரும் தடை, வீடும் தடை. பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு கண்மாயில் குதித்த அம்மாக்களின் மகள்கள் இன்று கரையில் நின்று செல்போனில் படம் எடுக்கிறார்கள். இதற்கு ஆதிக்க சாதிக்காரர்களை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்க முடியாது.

கொலை, தீ வைப்பு, ஆணவப் படுகொலை எல்லாம் நடக்கும்போது மீன் பிடிப்பதைப் பற்றிப் பேசலாமா என்று சில தோழர்கள் கேட்பார்கள். பேச வேண்டும். நம் பிள்ளைகளை வலியின் வழியாக மட்டுமே அரசியலுக்கு அழைத்தால் அவர்கள் சீக்கிரம் சோர்ந்துவிடுவார்கள், ஊரை விட்டே போய்விடுவார்கள். பலர் போய்விட்டார்கள். இந்த மண் அவர்களுடையது என்று உடம்புக்குத் தெரிய வேண்டும். கரையில் நடந்து, தண்ணீரில் மூழ்கி, சேற்றில் கைவிட்டுத் துழாவினால்தான் அது தெரியும்.

இந்த வருடம் அந்தக் கண்மாய் நிறைந்திருக்கிறது. குத்தகை ஏலம் எப்போது, யார் நடத்துகிறார்கள், போன ஏலத் தொகை எந்தக் கணக்கில் சேர்ந்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டிருக்கிறோம். காலனிப் பெண்களின் மகளிர் குழு ஏலத்தில் கலந்துகொள்ள முடிவு செய்திருக்கிறது. கெளுத்தியும் போச்சே என்று எங்களைத் திட்டிய அதே அக்காதான் குழுவுக்குத் தலைவி. ஏலம் கிடைத்தால், மீன்பிடி நாள் அன்று ஊரும் காலனியும் ஒரே நேரத்தில் இறங்கலாம் என்று அறிவிப்போம் என்கிறார். “அவங்க நம்மள நிறுத்துன மாதிரி நம்ம அவங்கள நிறுத்தக் கூடாதுப்பா” என்கிறார்.

உங்கள் ஊரிலும் ஒரு கண்மாய் இருக்கும், ஒரு மீன்பிடி நாள் இருக்கும். இந்தக் கோடையில் போய்க் கரையில் நின்று பாருங்கள். துண்டு வீசியதும் யார் முதலில் இறங்குகிறார்கள், யார் நிற்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஊத்தாவை எடுத்துக்கொண்டு இறங்குங்கள்.

ஜெய் பீம்.